சாய்வுப் பாறையில் சைக்கிள்

1

சைக்கிளில் இருந்து விழுந்து இடது முழங்கை எலும்பு வெடித்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை நீட்ட வருகிறது. முழுசாக இல்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இலங்கையில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் நான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஓமானுக்கு வீட்டு வேலைக்கு வந்தேன். வந்த இடத்தில்தான் சைக்கிள் பழகினேன். அதுவும் தார் ரோட்டில் இல்லை. பாறையில்.

நம் ஊரில் சைக்கிள் எதற்கு? வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் இருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏற்றம். திரும்பி வந்தால் இறக்கம். எங்கள் பக்கம் சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள் தபால்காரர். அவரும் அதைத் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

மஸ்கட்டில் ஒரே வீட்டில் பல வருசம் வேலை. பிறகு அந்த வீட்டுக்காரர்கள் மலைப் பக்கம் ஒரு விடுதி தொடங்கினார்கள். என்னை அங்கே அனுப்பினார்கள். வீட்டு மகன் சாலிம்தான் விடுதியைப் பார்க்கிறான். கீழே கொஞ்சம் பேரீச்சை. மற்றதெல்லாம் பாறை, சரளை, வெயில். முதல் நாள் அந்த மலையைப் பார்த்தபோது யாரோ தேயிலையை எல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது போல இருந்தது.

வெள்ளி, சனியில் ஆட்கள் வருவார்கள். சைக்கிளோடு வருவார்கள், இல்லாவிட்டால் எங்களிடம் வாடகைக்கு எடுப்பார்கள். காலையில் மலைக்குப் போய் மத்தியானத்துக்குள் சிராய்த்துக்கொண்டு வருவார்கள். நான் அறை கூட்டுவேன், துணி மாற்றுவேன், சாயங்காலம் சைக்கிள் கழுவுவேன்.

சமையலில் மெர்சி என்று ஒருத்தி இருந்தாள். கென்யாக்காரி. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு. ஒரு ஞாயிறு, வாடகைக்கு உதவாத பழைய சைக்கிள் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் நிறுத்தினாள். ஏறு என்றாள். நான் முடியாது என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஏறினேன்.

மெர்சியின் ஒப்பந்தம் போன வருசம் முடிந்தது. ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது அவளுடைய ஹெல்மெட்டை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அதில் அவள் எண்ணெய் வாசம் ரொம்ப நாள் இருந்தது.

அவள் போன பிறகு தமிழ் பேசுவது போனில் மட்டும்தான். அவள் இருந்தபோதும் அப்படித்தான். அப்போது அது தெரியவில்லை.

2

போனில் பேசுவது மகளோடு. பெயர் நிரோஷா. அவளுக்கு நாலு வயதில் நான் விமானம் ஏறினேன். வளர்த்தது என் தங்கை செல்வி. நிரோஷா செல்வியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். என்னையும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். சின்னப் பிள்ளையில் வித்தியாசம் தெரிய என்னைப் ‘போன் அம்மா’ என்பாள். வளர்ந்த பிறகு அதை விட்டுவிட்டாள்.

இதில் யார் மேலும் குறை இல்லை. எங்கள் தோட்டத்தில் பல வீட்டில் இதுதான் கதை.

இப்போது அவள் ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் கோல் எடுப்பேன்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“வேல எப்பிடி?”

“ம்.”

“மழையா அங்க?”

“ம். தூறுது.”

“சரி, ஒடம்பப் பாத்துக்க.”

“ம். வைக்கிறேன்.”

அவ்வளவுதான். கோபம் இல்லை. கோபம் இருந்தால் இரண்டு வார்த்தை கூட வரும்.

எடுப்பது எப்போதும் நான். அந்தப் பக்கம் இருந்து ஒரு தடவையாவது தானாக மணி அடிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேறு ஆசை பெரிதாக இல்லை. வீடு கட்டியாகிவிட்டது. தங்கையின் கடனும் இல்லை. இது ஒன்றுதான்.

மஸ்கட்டில் நம் தூதரகத்துக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் சிங்களத்தில் வீட்டு நம்பர் கேட்டார். லயத்துக்கு நம்பர் இருக்கிறது, வீட்டுக்கு இல்லை என்றேன். அப்போது கடிதம் எப்படி வரும் என்றார். தோட்டத்து ஒபிசுக்கு வரும், யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவராகவே ஒரு நம்பர் போட்டார். அப்படி ஒரு வீடு எங்கள் தோட்டத்தில் கிடையாது. நானும் சிங்களத்தில் சரிக்குச் சொல்லும் ‘ஹரி, ஹரி’ என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ‘ஹரி’ வாயில் ஒட்டிக்கொண்டு, ஒரு வாரம் சாலிமின் தாயாரிடமும் ‘ஹரி மேடம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதை ஏதோ சாமி பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

நான் தனியாக மலைக்குப் போகிறேன் என்று தெரிந்தபோது சாலிம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டான்.

“விழுந்தால் யாருக்குச் சொல்வது?”

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தேன். பிறகு நிரோஷாவின் நம்பரைச் சொன்னேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

3

விடுதிக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கிறது. முன்பு கழுதையில் பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டிப் போன பாதை. கழுதைக்காகப் பாறையில் வெட்டிய படிகள் இன்னும் இருக்கின்றன. சைக்கிள்காரர்கள் கல்லில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கறுப்பு என்றால் கஷ்டமான பாதை. நல்லா ஓட்டுகிறவர்களே பாதியில் இறங்கித் தள்ளுவார்கள்.

அதில் மற்றதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு இடம் மட்டும் வரவில்லை. சாய்வுப் பாறை.

ஒரு லயத்து நீளம் இருக்கும். கூரைத் தகரம் மாதிரிச் சரிந்த ஒரே பாறை. அதன் குறுக்கே போக வேண்டும். இடது பக்கம் மலை. வலது பக்கம் ஒன்றும் இல்லை.

அங்கே போனால் விழுவேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. டயர் வலப்பக்கம் வழுக்கும், நான் இடப்பக்கம் பாறையில் அடிபடுவேன். மெர்சி இருந்தபோது கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவாள். உடம்பை வெளியே போடு, வெளியே போடு என்று. தலைக்கு விளங்கும். உடம்பு கேட்காது.

அன்றைக்கும் அதேதான். இந்தத் தடவை சறுக்கிக்கொண்டே போனேன். கீழே திண்டு மாதிரி ஒரு இடத்தில் கால் முட்டி நின்றது. சைக்கிள் இன்னும் கீழே போய் ஒரு முள் மரத்தில் தொங்கியது. கத்தவில்லை. யாருக்குக் கேட்கப் போகிறது? கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாறை சுட ஆரம்பித்தது.

பின்னால் வந்த இரண்டு பேர் பார்த்து சாலிமுக்குச் சொன்னார்கள். அவன் வண்டியோடு வந்தான். சொன்ன சொல் தவறாதவன். வரும் வழியிலேயே நிரோஷாவுக்குப் போன் பண்ணிவிட்டான்.

4

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இலங்கை நம்பர்.

“அம்மா? எங்க இருக்கீங்க? யாரோ ஒருத்தர் இங்கிலீஸ்ல, ஒங்கம்மா மலையில இருந்து விழுந்துட்டாங்கன்னு சொல்றாரு. மலையில ஒங்களுக்கு என்னா வேல?”

“சைக்கிள்ல போனேன்.”

“என்னாது?”

“சைக்கிள்.”



“ஒங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“பழகிக்கிட்டேன்.”

“நோர்வூட்ல ஒரு நாளாச்சும் சைக்கிளத் தொட்டிருக்கீங்களா?”

“அங்க எங்க ஓட்டுறது? தொரைமாரே ஜீப்பக் கீழ நிப்பாட்டிட்டு நடந்துதான ஏறுவாங்க.”

சிரித்தாள். மூக்கால் வந்த சிரிப்பு. பல வருசத்தில் அதை முதல் தடவையாகக் கேட்டேன். டொக்டர் கையை இழுத்துக் கட்டினார். வலி தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது.

“கை மட்டுந்தானா? தலையில ஒன்னும் இல்லியே?”

“இல்ல.”

“அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. பயந்துருவாங்க.”

அம்மா என்றது செல்வியை. சரி என்றேன்.

“எப்பிடி விழுந்தீங்க? வீடியோ கீடியோ இருக்கா?”

மெர்சி போவதற்கு முன்னால் எடுத்தது ஒன்று இருந்தது. அதே பாறை, பின்னால் இருந்து எடுத்தது. அதிலும் விழுகிறேன், சின்னதாக. அறைக்கு வந்து ஒற்றைக் கையால் தேடி அனுப்பினேன்.

மணி அடித்தது அந்தப் பக்கம் இருந்துதான். ஆனால் அதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. எலும்பு வெடித்தால் யாரும் எடுப்பார்கள்.

5

அடுத்த ஞாயிறு வழக்கம் போல நான் எடுத்தேன்.

“வீடியோ பாத்தியா?”

“ம்.”

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“அம்மா, நீங்க ஏன் மலைப் பக்கமாவே சாயிறீங்க?”

“சாயாட்டி விழுந்துருவேன்ல.”

“சாஞ்சுதான விழுறீங்க.”

அந்த வீடியோவை மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

“கொழுந்துக் கூடை தூக்குற மாதிரியே போறீங்க. தலைய முன்னால நீட்டிக்கிட்டு. இப்ப முதுகுல கூடை இல்லியே.”

“ஒனக்கெப்பிடித் தெரியும்? நீ மலைக்கே வந்ததில்லியே.”

“புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போவீங்கள்ல.”

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பச்சைக் கதவு, பால் மாவு வாசம்.

“கதவுல நின்னுக்கிட்டே இருப்பேன். நீங்க ஏறி ஏறி மறையிற வரைக்கும். ஆயா வந்து இழுத்துக்கிட்டுப் போவாங்க. எனக்கு அதுதான் ஞாபகம். அப்ப ஒங்க மூஞ்சி எப்பிடின்னு ஞாபகம் இல்ல. முதுகுதான்.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

“கடைக்கு ஆள் வந்துருச்சு. வைக்கிறேன்.”

அதற்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் ம். அதற்கு அடுத்ததும் ம். சொன்னது அதிகம் என்று நினைத்தாளோ என்னவோ. நானும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை நான்.

அவள் சொன்னது சரி. கூடையின் கயிறு தலையில் இருக்கும். பாரம் முதுகில். சரிவில் போகும்போது மலைப் பக்கம் சாய வேண்டும். வெளியே சாய்ந்தால் கூடை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு தடவை உருண்டால் விளங்கிவிடும். இங்கே முதுகில் பாரம் இல்லை. பிடித்துக்கொள்ளத் தேயிலைச் செடியும் இல்லை. மலைப் பக்கம் சாய்ந்தால் டயருக்குப் பிடி விட்டுப்போகும். பாரத்தை வெளிப்பக்கக் காலில் போட வேண்டும். ஒன்றும் இல்லாத பக்கம்.

கட்டுப் பிரித்த பிறகு நாலைந்து ஞாயிறு விடுதி வாசலில் பழகினேன். ஒரு சின்ன மண் மேட்டின் குறுக்கே. இடது பெடல் மேலே, வலது பெடல் கீழே, முழுப் பாரமும் வலது காலில். சாலிம் வாசலில் டீயோடு நின்று பார்த்தான்.

“டொக்டர் என்ன சொன்னார்?”

“பாரம் தூக்க வேண்டாம் என்றார்.”

“சைக்கிள்?”

“அதைப் பற்றிக் கேட்கவில்லை.”

“நீ கேட்டிருக்க மாட்டாய்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

6

போன ஞாயிறு விடியுமுன் கிளம்பினேன். இரண்டு போத்தல் தண்ணீர், ரொட்டி, போன். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தேன். பாறையைப் பிடிக்க அது வேண்டும்.

முதலில் காய்ந்த ஆறு. உருண்டைக் கல். நின்றால் புதையும், ஆகையால் சின்னக் கியரில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்லைப் பார்க்கக் கூடாது. கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் முட்டுவோம். போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். பிறகு ஏற்றம். வளைவுக்கு வளைவு உடைந்த கல். மூச்சு வாங்கியது. ஏற்றம் எனக்குப் புதிது இல்லை. இங்கே மூடுபனி வராது. அட்டை ஏறாது. பக்கத்துத் தேயிலை நிரையில் இருந்து யாரும் கேலி பேச மாட்டார்கள். என் மூச்சும் சங்கிலிச் சத்தமும் மட்டும்தான்.

மேலே ஏறியதும் முதுகு மாதிரி நீண்ட முகடு. இரண்டு பக்கமும் பள்ளம். அங்கே வேகமும் கூடாது, பயமும் கூடாது. இரண்டு பிரேக்கிலும் ஒற்றை விரல். அதைத் தாண்டினால் சாய்வுப் பாறை.

இறங்கினேன். ஒரு கல்லில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டேன்.

ஏறினேன். சீட்டை இறக்கினேன். வலது பெடல் கீழே.

முன் டயர் பாறையில் ஏறியதும் உடம்பு இடது பக்கம் இழுத்தது. தானாகவே. தலையில் கயிறு இருப்பது போல நெற்றி இறுகியது. கூடை இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். கூடை இல்ல, கூடை இல்ல. இடுப்பை வலது பக்கம் தள்ளினேன். ஒன்றும் இல்லாத பக்கம். காலடியில் காற்று வந்தது. டயர் ஒரு தடவை முனகியது. வழுக்கவில்லை. பாரம் எல்லாம் வலது காலில் இறங்கி, அங்கிருந்து பாறையில் இறங்கியது. பாறை தாங்கியது.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. முடிந்ததைக் கூட நினைக்க நேரம் இல்லை, உடனே கழுதைப் படி. அங்கே நிற்க இடம் கிடையாது. நின்றால் கவிழும். உடம்பைப் பின்னால் போட்டு, குதிகாலைத் தாழ்த்தி, ஒவ்வொரு படியாக விழ விட்டேன். பல் அடித்தது. முழங்கை கத்தியது. கீழே மணலில் போய்த்தான் நின்றேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். மெர்சி இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். யாரும் இல்லை. பாறையில் காலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“வந்துட்டேன்” என்றேன். தமிழில். யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன் மேலே இருக்கிறது. சைக்கிளை மணலில் போட்டுவிட்டு அத்தனை படியும் நடந்து ஏறினேன்.

அறைக்கு வந்து வீடியோவைப் பார்த்தேன். என் முதுகு போகிறது. கொஞ்சம் கோணலாக, வலது பக்கம் தள்ளி. பாறை முடியும் இடத்தில் மறைகிறது. பிறகு வெறும் பாறை. ரொம்ப நேரம் வெறும் பாறை. ஒரு ஆடு வந்து போனை முகர்ந்துவிட்டுப் போகிறது. மறுபடியும் வெறும் பாறை. கடைசியில் அந்தப் பக்கம் இருந்து நான் நடந்து வருகிறேன். முகமெல்லாம் தூசு. முடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது. கிட்டே வந்து குனிந்து, ஓடுகிறதா என்று போனுக்குள் பார்க்கிறேன். அதோடு நிற்கிறது.

தேவை இல்லாததை வெட்ட வேண்டும். எனக்கு வெட்டத் தெரியாது. அப்படியே அனுப்பினேன். அன்றைக்கு நான் கோல் எடுக்கவில்லை.

7

திங்கள் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாட்களும் இல்லை. வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை விடுதி நிறைய ஆள்.

நேற்று, சனி, சாயங்காலம் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரம். துடைக்காமல் எடுத்தேன்.

“அம்மா.”

“என்னாச்சு? செல்விக்கு ஏதுமா?”

“ஒன்னும் ஆகல. சும்மாதான் எடுத்தேன்.”

ஹோஸ் பைப்பைக் கீழே போட்டேன்.

“வீடியோவ முழுசாப் பாத்தேன்.”

“அத வெட்டத் தெரியல எனக்கு. பாதிக்கு மேல சும்மா பாறதான்.”

“வெட்டாதீங்க.” பிறகு, “அந்த ஆடு யாரோடது?”

“தெரியல.”

மூக்கால் சிரித்தாள்.

“சாப்டீங்களா?”

“ம்.”

“ம்னா என்னா?”

“இன்னும் இல்ல.”

“போய் மொதல்ல சாப்பிடுங்க. வைக்கிறேன்.”

வைத்துவிட்டாள். ஹோஸ் பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே தண்ணீர் பவுசர் லாரியில் வருவது. வீணாகப் போனால் சாலிம் சத்தம் போடுவான். குழாய் இரண்டு எட்டுத் தூரம்தான். கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று நின்றேன்.